தோட்டத்து வீட்ல அப்பா அம்மா மட்டும் இருக்காங்க, புது ஆளுங்க வந்து நோட்டம் பாக்கற மாதிரி தெரியுது - என்ன பண்ணலாம்?

கொறங்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்குது, மெயின் ரோட்ல இருந்து இட்டேரில (வேலிக்கு நடுவுல போற வண்டித்தடம்) ஒன்றரை கிலோமீட்டர் உள்ள போகோணும், பக்கத்து சாளைக்கே (தோட்டத்து வீடு) கூப்பிட்டா சத்தம் கேக்காது. அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 68, நாலு மாடு, கொஞ்சம் ஆடு, தென்னை. நான் சென்னைல, அண்ணன் துபாய்ல.

போன வாரம் காலைல பதினொரு மணி வாக்குல ஒரு பைக்ல ரெண்டு பேரு வந்து தேங்கா போடோணுமான்னு கேட்டுருக்காங்க. தேங்கா அப்பத்தான் போட்டு களத்துல குமிச்சு வெச்சிருந்துச்சு, வாசல்ல நின்னா கண்ணுக்கு நேரா தெரியும், அதைப் பாத்துட்டே கேட்டுருக்காங்க. அப்புறம் பசங்க எங்க இருக்காங்க, பொழுதுசாய யாராச்சும் வருவாங்களா, நீங்க ரெண்டு பேரு மட்டுந்தானான்னு பேச்சு போயிருக்கு. ஒருத்தன் தண்ணி கேட்டான்னு அம்மா உள்ள போன நேரத்துல இன்னொருத்தன் கட்டுத்தரைப் பக்கம் நடந்து போய் வீட்டுப் பின்னால பாத்துட்டு வந்திருக்கான். நாய் விடாம குலைச்சதால சீக்கிரம் கெளம்பிட்டாங்க. அப்பா இதை ஒரு விசயமாவே நினைக்கல, வேற ஏதோ பேசிட்டு இருக்கறப்ப போன்ல அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சேமலைகவுண்டம்பாளையத்துலயும் சிவகிரிலயும் தோட்டத்து வீட்ல இருந்தவங்களைக் கொன்னதுக்கு அப்புறம் எங்க பக்கம் வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க யாருமே ராத்திரி நிம்மதியா தூங்கறது இல்லைங்க. கேமரா போடு, ஊருக்குள்ள கூட்டிட்டு வந்துருன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. தோட்டத்துலயே இருந்து பழகுனவங்க நிஜமா என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கோணும்.

ரிட்டயர்டு ஏட்டு:
அம்மாடி, மொதல்ல ஸ்டேஷன்ல சொல்லியாச்சா? சொல்லலைன்னா இன்னைக்கே அப்பாவை உங்க லிமிட் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு, இல்ல நீயே போன் போட்டு சொல்லு. திருட்டே நடக்கலையே எதைச் சொல்றதுன்னு நினைக்காத. என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கலர் வண்டி, ரெண்டு பேருக்கும் என்ன வயசு இருக்கும், என்ன கேட்டாங்க, எந்தப் பக்கமா போனாங்க, இவ்வளவு போதும். அதே வாரத்துல உங்க ஏரியால இன்னும் ரெண்டு தோட்டத்துல இருந்து இதே மாதிரி தகவல் வந்தா அங்க இருக்கற ஆளுக்கு அது பெரிய விசயம். யாருமே சொல்லலைன்னா நாலு தோட்டத்துல நடந்தது நாலு துண்டாவே கிடக்கும், ஒருத்தரும் சேத்து வெச்சுப் பாக்க மாட்டாங்க.

நிறைய பேரு மூஞ்சியைப் பாத்து சந்தேகப்படறாங்க, அது உதவாது. அவன் என்ன கேக்கறான்னு கவனிக்கணும். நிஜமா தேங்கா போட வந்தவன் எத்தனை மரம், எப்ப போட்டது, மரத்துக்கு என்ன கூலி தருவீங்க, இதைத்தான் கேப்பான். ஆடு வாங்க வந்தவன் ஆட்டைப் பாப்பான். வீட்ல எத்தனை பேரு, பையன் எப்ப வருவான், நாய் கடிக்குமா, ராத்திரி மோட்டார் போட யாரு போவா, இதெல்லாம் யாவாரத்துக்கு வேண்டிய கேள்வியே கிடையாது. இப்படி ஒரு கேள்வி வந்த உடனே உங்கம்மா சொல்ல வேண்டிய பதில், "பையன் நைட்டு வேலை முடிஞ்சு வந்து உள்ள தூங்கறான், எழுப்பட்டுமா?" இதை ரெண்டு பேருகிட்டயும் சொல்லிச் சொல்லிப் பழக்கி வை, வயசானவங்களுக்கு அந்த நேரத்துல வாய்ல வராது.

தண்ணி கேட்டா குடுக்கலாம், நம்ம ஊர்ல தண்ணி இல்லைன்னு சொல்ல மனசு வராதுதான். திண்ணைக்கு வெளிய ஒரு குடமும் சொம்பும் எப்பவும் வெச்சுட்டா அதுக்குன்னு உள்ள போக வேண்டாம், கிரில் கேட்டையும் திறக்க வேண்டாம்.

பெருந்துறை பையன்:
எல்லாத்துக்கும் வடக்கத்தி ஆளுங்க தான் காரணம். கோழிப்பண்ணை, நூல் மில்லுன்னு எல்லா இடத்துலயும் வந்துட்டாங்க. மொதல்ல இவங்கள தோட்டத்துப் பக்கமே விடக்கூடாது.

நொய்யல் கரை:
தம்பி, கோவத்துல பேசறது புரியுது, ஆனா இந்த நினைப்பு தான் நம்மள ஏமாத்துது. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல அப்பா, அம்மா, மகன்னு மூணு பேரைக் கொன்னாங்க. 2025 ஏப்ரல் கடைசில ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்துல தனியா இருந்த வயசான புருசன் பொண்டாட்டியைக் கொன்னாங்க, மே மாசம் தான் வெளிய தெரிஞ்சுது. சிவகிரி கேஸ்ல போலீஸ் புடிச்சது எந்த ஊர் ஆளுங்களைன்னு பாத்தியா? அரச்சலூர் பக்கத்து ஆளுங்க. தேங்கா பறிக்கற வேலைன்னு தோட்டம் தோட்டமா போய் நோட்டம் பாத்ததா போலீஸே சொன்னாங்க, பல்லடம் கேஸையும் இவங்க தான் பண்ணாங்கன்னு சொன்னாங்க. நம்ம பாஷை பேசி, நம்ம தடம் எல்லாம் தெரிஞ்சு, ஏனுங்கய்யா நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டு வர்றவனை நாம யாரும் சந்தேகப்பட மாட்டோம், அதான் அவங்களுக்கு வசதி.

வடக்க இருந்து கும்பலா வந்து பண்ணதும் உண்டு, இல்லைன்னு சொல்லல. 1995ல இருந்து 2005 வரைக்கும் பவாரியா கும்பல் ஹைவேஸ் ஓரமா இருந்த வீடுகள்ல பண்ணது எல்லாருக்கும் தெரியும், 2005 ஜனவரில கும்மிடிப்பூண்டி எம்எல்ஏ சுதர்சனத்தையே அவரு வீட்ல வெச்சு சுட்டாங்க, அப்புறம் போலீஸ் அதிகாரி ஜாங்கிட் சார் டீம் வடக்க போய்ப் புடிச்சுட்டு வந்தது. ஆனா அது ரோட்டோர வீட்டை லாரில வந்து அடிச்ச கும்பல். நம்ம தோட்டத்துல மூணு வருசமா சாணி அள்ளிட்டு இருக்கற பீகார் குடும்பத்தை அதோட சேக்கக் கூடாது. எங்க தோட்டத்துல போன வருசம் மோட்டார் ஒயரை வெட்டிட்டு இருந்தவங்களை மொதல்ல பாத்து கத்துனதே அந்தக் குடும்பத்துப் பொம்பளை தான்.

வேலைக்கு யாரு வந்தாலும் சரி, உள்ளூரோ வெளியூரோ, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு, போட்டோ ஒண்ணு, போன் நம்பர். முடிஞ்சா போலீஸ் வெரிஃபிகேஷன். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

தென்காசி தோப்பு:
நம்ம பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துல நானும் எங்க வீட்டம்மாவும் தான் இருக்கோம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், ராத்திரி என்ன சத்தம் கேட்டாலும் கதவைத் திறந்துட்டு வெளிய வரக்கூடாது. அவ்வளவு தான், இதுக்கு மேல எந்தப் பாதுகாப்பும் இல்ல.

தோட்டத்துல இருக்கவன் எதுக்கெல்லாம் வெளிய வருவான்னு திருட வர்றவனுக்குத் தெரியும். நாய் குலைச்சா வருவான், ஆடு கத்துனா வருவான், ஓடிட்டு இருந்த மோட்டார் நின்னா வருவான், மாடு அவுந்து போச்சுன்னா வருவான். வெளிய வந்த உடனே கதவும் திறந்து கிடக்கும் ஆளும் தனியா கிடைப்பான். நான் இப்ப மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டுட்டேன், சிம் போட்டது, கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல போட்டு நிறுத்திக்கலாம். கரண்டு ராத்திரி தான் வருதுன்னு ரெண்டு மணிக்கு டார்ச்சைத் தூக்கிட்டு கெணத்துக்குப் போறது நின்னு போச்சு. இதைத் தண்ணி பாய்ச்சற வசதிக்குன்னு விக்காங்க, எனக்கு இது உயிர் பாதுகாப்பு.

ஆடு போனா போவட்டும்ல. 2021 நவம்பர்ல திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்ஐ ஒருத்தர் ஆடு திருடுனவங்களை நடுராத்திரி பைக்ல தனியா விரட்டிட்டுப் போயி கீரனூர் பக்கத்துல வெட்டிக் கொன்னுட்டாங்களே, ஞாபகம் இருக்கா? யூனிஃபார்ம் போட்ட ஆளு, பயிற்சி இருக்கு, அவருக்கே அந்தக் கதி. எழுவது வயசுல நாம கம்பை எடுத்துட்டு ஓடி என்ன செய்யப் போறோம்.

வெயில் காலத்துல வாசல்ல கயித்துக் கட்டில் போட்டுப் படுக்கற பழக்கம் உங்க அப்பாவுக்கு இருக்கும், அதையும் நிறுத்தச் சொல்லுங்க தாயி. காத்து வேணும்னா திண்ணைக்கு முழுசா கம்பி அடிச்சு உள்பக்கம் பூட்டு போட்டு அதுக்குள்ள படுக்கட்டும்.

கேமரா கடை (ஒட்டன்சத்திரம்):
தொழில் இதுங்கறதால விக்கறதுக்கு சொல்றேன்னு நினைக்காதீங்க அக்கா, வாங்க வேண்டாதது என்னன்னு சேத்தே சொல்றேன். நெட் இல்லாத தோட்டத்துக்கு வைஃபை கேமரா எதுக்கும் ஆகாது. 4ஜி சிம் போடுற சோலார் கேமரா வாங்குங்க, கரண்டு போனாலும் ஓடும், ஆள் நடமாட்டம் தெரிஞ்சா உங்க போனுக்கு சென்னைக்கே மெசேஜ் வரும். ஆனா வாங்கறதுக்கு முன்னால அந்த இடத்துல எந்த கம்பெனி சிக்னல் நிக்குதுன்னு ரெண்டு மூணு சிம் போட்டுப் பாருங்க, இதைப் பாக்காம வாங்கிட்டு அப்புறம் கேமரா சரியில்லைன்னு தூக்கிட்டு வர்றவங்க தான் ஜாஸ்தி.

எல்லாரும் வீட்டு வாசல்ல மாட்டச் சொல்றாங்க. வாசல்ல ஒண்ணு சரி. அதை விட முக்கியம் இட்டேரி ஆரம்பிக்கற இடம், தடத்துல வண்டி திரும்பற இடம். அங்க ஒண்ணு இருந்தா ஆள் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே தெரியும், வண்டி நம்பரும் விழும். பதிவு வீட்டுக்குள்ள இருக்கற பெட்டில மட்டும் இருந்தா போறப்ப அதையும் புடுங்கிட்டுப் போயிருவாங்க, அதனால மெமரி கார்டு போக ஆன்லைன்லயும் சேவ் ஆகற மாதிரி வைங்க.

ராத்திரி நாய் நடந்தாலும் பூனை நடந்தாலும் மெசேஜ் வரும், பத்து நாள்ல வெறுத்துப் போய் ஆஃப் பண்ணிடுவீங்க. ஆள் உருவத்துக்கு மட்டும் சத்தம் வர்ற மாதிரி செட்டிங் இருக்கு, மாட்ட வர்ற பையன்கிட்டயே போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.

கேமரா யாரையும் தடுக்காது அக்கா, முகத்தை மூடிட்டு வந்துட்டா அடையாளமும் தெரியாது. எனக்குக் கேட்டா மொதல்ல வீட்டைச் சுத்தி நாலு மூலைலயும் லைட்டு, சுவிட்ச் கட்டில் பக்கத்துல, இன்வெர்ட்டர் லைன்ல. வெளிய மெயின் ஃபீஸைப் புடுங்குனா கூட அந்த லைட் எரியணும். மெயின் போர்டு வெளிச் சுவத்துல தான் எல்லா தோட்டத்து வீட்லயும் இருக்கு, அதுக்கு ஒரு இரும்புப் பெட்டி போட்டு பூட்டிருங்க.

கம்பிவேலி:
இத்தனை செலவு எதுக்கு? வேலியைச் சுத்தி ஒரு கட்டுக்கம்பி இழுத்து ராத்திரி கரண்டு குடுத்துட்டா ஒரு பய கிட்ட வரமாட்டான். எங்க பக்கம் பன்னிக்கு இப்படித்தான் பண்றாங்க.

வக்கீல் அக்கா:
தயவு செஞ்சு யாரும் இதைப் பண்ணாதீங்க. சட்டத்தைச் சொல்றதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன், அந்தக் கம்பில மொதல்ல மாட்டப் போறது திருடன் இல்ல. வெடியால பால் கறக்க எந்திரிச்சு வர்ற உங்க அம்மா, தோட்டத்துல விளையாடற பேரன், பக்கத்துத் தோட்டத்துக்காரரு, உங்க மாடு. 2023 மார்ச்ல தருமபுரி மாரண்டஅள்ளி பக்கத்துல இப்படிப் போட்ட கரண்டு கம்பில மூணு யானை செத்து ரெண்டு குட்டி தாயில்லாம நின்னதைப் பாத்தோம்ல. லைன்ல இருந்து நேரா கரண்டு இழுத்து வேலிக்குக் குடுக்கறது குத்தம், ஆள் செத்தா கொலைக்கு ஈடான கேஸ்ல போய் நிக்கணும், திருட வந்தவன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சோலார் வேலி வேற, அது விட்டு விட்டு அடிக்கற ஷாக், உயிர் போகாது. அதுக்கும் காட்டோர நிலங்கள்ல அனுமதி, பதிவுன்னு 2023ல தமிழ்நாடு அரசு தனியா விதி போட்டுருக்கு, கேட்டுட்டுப் போடுங்க.

இன்னொண்ணும் நிறைய பேரு உள்பெட்டில கேக்கறாங்க, ராத்திரி வீட்டுக்குள்ள நுழைஞ்சவனை அடிச்சா நம்ம மேல கேஸ் வருமான்னு. தற்காப்பு உரிமை சட்டத்துலயே இருக்கு. முன்னால இந்திய தண்டனைச் சட்டத்துல 96ல இருந்து 106 வரை இருந்தது, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 34ல இருந்து 44 வரை. பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் பொழுது விடியறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழையறவனுக்கு எதிரா அந்த உரிமை ரொம்பத் தூரம் போகுது. ஆனா எல்லை உண்டு. அந்த நேரத்து ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தான். ஓடறவனைத் துரத்திப் போய் வெட்டறது, புடிச்சு மரத்துல கட்டி வெச்சு அடிக்கறது, இதெல்லாம் தற்காப்புல வராது, அங்க நீங்க குத்தவாளி ஆயிடுவீங்க.

உள்பெட்டில துப்பாக்கி லைசென்ஸ் பத்தி கேட்டவருக்கும் சேத்து: கலெக்டர்கிட்ட மனு போடலாம், கெடைக்கறது லேசு இல்ல, எலக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். தனியா இருக்கற எழுவத்தி நாலு வயசுக்காரரு கைல துப்பாக்கி இருந்தா பாதுகாப்பு கூடும்னு எனக்குத் தோணல, அதைத் தேடியே ஆள் வரலாம்.

போளூர் வாத்தியார்:
புடிச்சுக் கட்டி வெச்சு அடிக்கறது பத்தி வக்கீலம்மா சொன்னதை ஒட்டி நானும் சொல்லணும். சந்தேகப்படறது பத்தி எல்லாரும் பேசறீங்க, அது தப்பான ஆள் மேல விழுந்தா என்ன ஆகும்னு எங்க ஊர்ப்பக்கம் பாத்தவங்க நாங்க. 2018 மே மாசம், பிள்ளை புடிக்கறவங்க வந்துருக்காங்கன்னு வாட்சப்ல வீடியோ சுத்துன நேரம். சென்னைல இருந்து குலதெய்வம் கோயிலுக்குன்னு ஒரு குடும்பம் கார்ல வந்துச்சு, அத்திமூர் பக்கம் வழி கேக்க நிறுத்துனாங்க. 65 வயசு அம்மா ஒருத்தங்க அங்க நின்ன குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்துருக்காங்க. அவ்வளவு தான். ஊரே கூடி அடிச்சு அந்த அம்மா செத்துப் போச்சு, கூட வந்தவங்களும் குத்துயிரா கிடந்தாங்க. அடிச்சதுல எங்க கிட்ட படிச்ச பசங்க வயசு ஆளுங்களும் இருந்தாங்க, அவங்க வாழ்க்கையும் போச்சு.

அதனால தோட்டத்து குரூப்ல ஒரு போட்டோ போடறப்ப ரொம்ப யோசிச்சுப் போடுங்க. "இவன் திருடன், பாத்தா விடாதீங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. "இந்த நேரத்துல இந்த வண்டில வந்தாங்க, இப்படிக் கேட்டாங்க, ஸ்டேஷன்ல சொல்லியாச்சு", இதோட நிறுத்துங்க. ராத்திரி குழந்தை அழற சத்தம் ரெக்கார்ட் போட்டு வெளிய வரவைக்கறாங்கன்னு வருசா வருசம் ஒரு மெசேஜ் வரும், எந்த ஊரு எந்த ஸ்டேஷன்னு அதுல இருக்கவே இருக்காது. அதையெல்லாம் அனுப்பி அனுப்பி பயத்தைக் கூட்டாதீங்க, நிஜமா ஒரு தகவல் வர்றப்ப யாரும் கண்டுக்க மாட்டாங்க.

கொறங்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒவ்வொண்ணையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஏட்டய்யா சொன்ன மாதிரி ஸ்டேஷன்ல சொல்லியாச்சு, ஒரு போலீஸ்காரரு தோட்டத்துக்கே வந்து பாத்துட்டு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு. தாராபுரம் ரோட்டுப் பக்கம் இன்னொரு தோட்டத்துலயும் அதே மாதிரி ரெண்டு பேரு வந்தாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஊருக்குள்ள வீடு புடிச்சுக் குடுக்கறேன்னு கேட்டுப் பாத்துட்டேன். அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு, மாடு யாரு பாக்கறதுன்னு. அம்மா அதுக்கும் மேல, பயந்துட்டு போனா இனி இந்த நெலத்துக்கு ஆளே வராதுன்னு அழறாங்க. எனக்கும் அவங்களைப் புடுங்கிட்டு வந்து ரெண்டு ரூம் வீட்ல உக்கார வைக்க மனசில்ல. அங்கயே இருக்கறதுன்னு முடிவு, எப்படி இருக்கறதுங்கறது தான் இப்பக் கேள்வி.

ஆனமலை அக்கா:
கண்ணு, நான் பொள்ளாச்சிக்கு அக்கட்டால தென்னந்தோப்புல தனியா இருக்கறவ. அவரு போய்ச் சேந்ததுக்கு அப்புறம் எல்லாரும் வித்துட்டு வா வித்துட்டு வான்னாங்க, நான் போகல. நான் சொல்றதை உங்கம்மாகிட்ட நேரா சொல்லு.

சிவகிரில எனக்கு ரொம்ப வலிச்சது எது தெரியுமா? அவங்க செத்துக் கெடந்தது உடனே யாருக்கும் தெரியல. போன் போட்டு எடுக்கலைன்னு போய்ப் பாத்தப்புறம் தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள நாள் ஓடிருச்சு. அந்தச் செய்தியைக் கேட்ட அன்னைக்கே நாங்க சுத்துப்பட்டு அஞ்சு சாளைக்காரங்க உக்காந்து பேசுனோம். வெடியால ஆறு மணிக்கும் பொழுதோட ஏழு மணிக்கும் ஒரு மிஸ்டு கால். அடுத்தாப்புல இருக்கறவங்களுக்கு நான், அவங்க அதுக்கடுத்தவங்களுக்கு, கடைசி வீட்ல இருந்து எனக்கு. வரலைன்னா திருப்பிக் கூப்புடோணும், எடுக்கலைன்னா தனியா போகக் கூடாது, இன்னொரு வீட்டு ஆளைக் கூட்டிட்டு வண்டில ஹாரன் அடிச்சுட்டே போகோணும். மொதல்ல எல்லாம் மறந்து மறந்து போயிட்டு இருந்தோம், இப்ப பல்லு வெளக்கற மாதிரி ஆயிருச்சு. பாட்டிங்களுக்கு வாட்சப் தெரியாது, மிஸ்டு கால் குடுக்கத் தெரியாத பாட்டி கிடையாது.

பால் ஊத்தறீங்கல்ல, அந்த சொசைட்டிக்காரத் தம்பிகிட்ட சொல்லி வைங்க. இவங்க பால் வரலைன்னா சும்மா அடுத்த கேனுக்குப் போயிராம ஒரு போன் போடுன்னு. மாடு வெச்சிருக்கறவங்க பால் ஊத்தாத நாளே கெடையாது, அவனை விட வெள்ளனவே நம்மள கவனிக்கற ஆளு வேற யாரு? பேப்பர் போடறவன், போஸ்ட்மேன், பள்ளிக்கூட வேன் டிரைவர், நாலு பேருகிட்டயும் உங்க அண்ணன் நம்பரோ உங்க நம்பரோ இருக்கட்டும்.

நகை எதையும் வீட்ல வெக்கல. ஒரு கவரிங் செயினைக் கழுத்துல போட்டுக்குவேன். எல்லாம் பேங்க் லாக்கர்ல, அதையும் நோம்பிக்கு வர்ற ஒறம்பரை எல்லாத்துகிட்டயும் சத்தமாவே சொல்லிருவேன், தேங்கா யாவாரிகிட்டயும் பணத்தை அக்கவுண்ட்ல போடச் சொல்லிருவேன். கைல காசு வாங்குன அன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு யோசிச்சுப் பாரு, லோடு ஏத்துற ஆளு, டிரைவரு, உரிக்கறவங்க. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா டீக்கடைல பேசுவாங்கல்ல.

நாயி எனக்கு மூணு இருக்குது, நாட்டு நாய் தான். ராஜபாளையம் வாங்கு கோம்பை வாங்குன்னு சொல்லுவாங்க, கட்டி வெச்சு வளத்தா எந்த நாயா இருந்தாலும் ஒண்ணு தான். ஒண்ணை எப்பவும் கம்பிக்கு உள்ளயே வெச்சிருப்பேன். வெளிய இருக்கறதுக்கு கறில மருந்து வெச்சுப் போட்டாலும் உள்ள ஒண்ணு இருந்து குலைக்கும். நல்லா இருந்த நாயி திடீர்னு செத்துச்சுன்னா பாம்பு கடிச்சுருக்கும்னு குழி தோண்டிப் பொதைச்சுட்டு விட்றாதீங்க, அன்னைக்கே அஞ்சு வீட்டுக்கும் சொல்லி, ஸ்டேஷனுக்கும் சொல்லி, ஒரு வாரத்துக்கு யாராச்சும் கூட வந்து படுங்க.

ரிட்டயர்டு ஏட்டு:
ஆனமலை அம்மா சொன்ன நாய் விசயத்தை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. நாய் சாகறது, வாசல் லைட்டு உடையறது, கேபிள் வெட்டுப் போறது, வேலில கிளுவையை வளைச்சு ஆள் நுழையற மாதிரி வழி, இதுல எது நடந்தாலும் சின்னத் திருட்டுன்னு விட்றாதீங்க, எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கறது) கேட்டு வாங்குங்க.

நம்பர் 112. 100ம் வேலை செய்யும். உங்கம்மா பட்டன் போன் வெச்சிருந்தா 5 இல்ல 9 நம்பரை அழுத்திப் புடிச்சா 112க்குப் போற வசதி புது போன்கள்ல இருக்கு, கடைல வாங்கறப்பவே கேட்டுக்கோங்க. டச் போன்னா "காவல் உதவி" ஆப்ல சிவப்பு பட்டன் இருக்கு. ஆனா ஒண்ணு, தோட்டத்துக்கு வழி சொல்றதுல தான் நேரம் போகும். "மாரியம்மன் கோயில்ல இருந்து கெழக்க, ரெண்டாவது இட்டேரி, நீலக்கலர் கேட்டு"ன்னு ஒரு அட்டைல பெருசா எழுதி போன் பக்கத்துல ஒட்டி வைங்க, பதட்டத்துல சொந்த வீட்டுக்கு வழி சொல்ல வராது, எத்தனையோ பேருகிட்ட பாத்துருக்கேன். தடத்து முனைல சர்வே நம்பரோட ஒரு போர்டும் நடுங்க. ரெண்டு மூணு நாள் ஊருக்குப் போறீங்கன்னாலும் ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க, பூட்டுன வீட்டை ரோந்துல பாத்துட்டு வருவாங்க.

பெருந்துறை பையன்:
நொய்யல் கரை அண்ணா சொன்னதை யோசிச்சேன். எங்க தாத்தா பாட்டியும் தோட்டத்துல தான் இருக்காங்க, அந்த மிஸ்டு கால் ஏற்பாட்டை இந்த ஞாயித்துக்கிழமை போய் பண்றேன். அங்க ரெண்டு ஒடிசா குடும்பம் இருக்கு, அவங்களையும் சேத்துக்கறேன்.

கொறங்காட்டுப்பொண்ணு:
அக்கா, ஏட்டய்யா, எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டேன். லைட்டு வேலைக்கு எலக்ட்ரீசியன் நாளைக்கு வர்றாரு. பக்கத்துல மூணு சாளைக்காரங்க மிஸ்டு காலுக்கு ஒத்துக்கிட்டாங்க, பால் சொசைட்டித் தம்பியும் சரின்னுட்டாரு. சைரன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், கோழிப்பண்ணைல போடற மாதிரி பெருசு. சுவிட்ச்சை எங்க வைக்கறதுன்னு தான் தெரியல, அம்மாவுக்கு மூட்டு வலி, சட்டுனு எந்திரிக்க முடியாது.

கேமரா கடை (ஒட்டன்சத்திரம்):
கட்டில்ல படுத்த மேனிக்கு கை எட்டற உயரத்துல ஒண்ணு, கக்கூஸ்ல ஒண்ணு அக்கா. ராத்திரி அவங்க எந்திரிச்சுப் போற ஒரே இடம் அது தான், உள்ள தாழ் போட்டுக்கிட்டு அங்க இருந்தே அழுத்தலாம். ரெண்டு சுவிட்ச்ல எதை அழுத்துனாலும் அடிக்கற மாதிரி ஒயரிங் பண்ணச் சொல்லுங்க, இன்வெர்ட்டர் லைன்லயே குடுங்க. சைரனை வீட்டு மேல வைக்காம பத்தடி தள்ளி தென்னை மரத்துல உசரமா கட்டுங்க, புடுங்கறதுக்கு எட்டாது, சத்தமும் தூரம் போகும். கட்டுனதும் பக்கத்து சாளைக்காரங்களை எல்லாம் வரச்சொல்லி ஒரு தடவை அடிச்சுக் காட்டிருங்க, இது எந்த வீட்டுச் சத்தம்னு அவங்களுக்குத் தெரியணும்.